வலது ஆள்காட்டி விரல்

2 ஜூன்

அன்புள்ள ஹலோ,

நலமா என்று கேட்பதற்குமுன் என் புலம்பலைக் கேட்டுவிடு. சர்க்கரைக்கு இனி மாத்திரை போதாது, இன்சுலின்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை, வயிற்றில் சதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் விரலில் குத்தி ரத்தம் பார்க்க வேண்டுமாம். காலையில் எழுந்ததும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாலும், படுக்கப் போகும்போதும். "பத்து விரல் இருக்கேம்மா, மாத்தி மாத்திக் குத்துங்க" என்று தாராளமாகச் சொல்கிறார். பிறந்ததிலிருந்து கண் இல்லாமல் ஒரு குறையும் தெரியாமல் ஓட்டிவிட்டேன். இப்போது விரலுக்கு வந்திருக்கிறது வினை.

நீயும் என்னைப் போலத்தான், உனக்குச் சொன்னால் புரியும். பிரெயில் தட்டச்சில் ஆறு விசைக்கு ஆறு விரல் போய்விட்டது. இடைவெளிக்குக் கட்டைவிரல். அச்சகத்தில் நாள் முழுக்கப் பிழை பார்ப்பதற்கு இரண்டு ஆள்காட்டி விரல்களும் வேண்டும். சும்மா கிடக்கிற சோம்பேறிகள் சுண்டுவிரல் இரண்டும்தான். மொத்தக் குடும்பத்தின் அடியையும் இப்போது அவைதான் வாங்குகின்றன. முனை இரண்டும் வீங்கி, தொட்டால் சுரீர் என்கிறது. டம்ளரைப் பிடித்தால் சுண்டுவிரலைத் தூக்கிக்கொள்கிறேன். பெரிய வீட்டு அம்மாள் டீ குடிக்கிற மாதிரி இருக்கிறதாம், இவர் சொல்லிச் சிரிக்கிறார்.

குத்துவதும் இவர்தான். ரொட்டி வண்டி ஓட்டுகிற கை, எதையும் அழுத்தித்தான் பழக்கம். சரியாக விரலின் நடு உருண்டையில் வைத்து அமுக்குகிறார். குத்திவிட்டு உடனே "வலிச்சிருச்சா, மன்னிச்சுக்கோ" என்பார். பேசுகிற மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறோம். அதில் ஒரு பெண் அளவைச் சொல்கிறாள். நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் அவளுக்கு ஒரே குரல், உங்கள் ஆஸ்பத்திரி விசாரணைப் பிரிவில் சேர்த்துக்கொள்ளலாம்.

அச்சகத்தில் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் நடக்கிறது. நான் படிக்கிற விதம் உனக்குத் தெரியும். வரியின் முன்பாதி இடது விரலுக்கு. நடுவில் வலது விரல் வந்து வாங்கிக்கொள்ளும், இடது கீழே இறங்கி அடுத்த வரியில் காத்திருக்கும். அந்த வலது ஆள்காட்டியை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று இவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அது என் சோறு.

போன் செய்யாதே. பக்கத்தில் இவர் இருப்பார், நான் வீரம் பேசிவிடுவேன். எழுது. உங்கள் ஆஸ்பத்திரியில் யாரிடமாவது கேட்டு, குத்தினாலும் நோகாமல் இருக்க வழி இருந்தால் சொல்.

உன்
ஒற்று

11 ஜூன்

அன்பு ஒற்று,

உன் கடிதம் கிடைத்தது. படித்து சிரித்தேன், பிறகு வருத்தப்பட்டேன், பிறகு போனை எடுத்தேன். ஆஸ்பத்திரி தொலைபேசியில் நாள் முழுக்க ஹலோ சொல்லி உட்கார்ந்திருப்பதில் இது ஒன்றுதான் லாபம், எந்த வார்டுக்கும் காசில்லாமல் போகலாம். சர்க்கரை பிரிவு நர்ஸம்மாவை பிடித்தேன். என் தோழிக்கு என்று சொன்னேன், நம்பவில்லை. தோழிக்கு என்று சொல்கிறவர்கள் எல்லாம் தங்களுக்குத்தான் கேட்பார்களாம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நடு உருண்டையில் குத்துவதை முதலில் நிறுத்த சொல். அங்கேதான் நரம்பெல்லாம் கூடியிருக்கிறது. பக்கவாட்டில் குத்தினால் வலி பாதி. குத்துவதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவி, கையை கொஞ்ச நேரம் தொங்கப்போட்டு வை, ரத்தம் தானே இறங்கும். ஸ்பிரிட் தடவாதே, தோல் காய்ந்து வெடிக்கும். ஊசியை ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். மழுங்கிய ஊசி குத்தாது, கிழிக்கும். விரலில் குத்துகிற அந்த பேனாவில் ஆழம் கூட்டி குறைக்க ஒரு திருகு இருக்குமாம், அண்ணன் அதை எந்த எண்ணில் வைத்திருக்கிறார் என்று கேள். நிச்சயம் கடைசி எண்ணாகத்தான் இருக்கும். படுக்கும்போது விரல்களுக்கு கொஞ்சம் களிம்பு போடு.

இன்னொன்று, சோம்பேறிகள் இரண்டு பேரை மட்டும் வதைக்காதே. மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தினால் தட்டச்சுக்கு ஒன்றும் ஆகாது. விசையை அமுக்குவது நடு உருண்டைதானே.

என் மாமியார் உன்னை விசாரித்தார். உனக்கு சர்க்கரை என்றதும், "அந்த பொண்ணுக்கா? அது பேச்சுல ஒரு துளிகூட இருக்காதே" என்கிறார். நீ அவருடைய பேச்சில் பிழை திருத்தியதை இன்னும் மறக்கவில்லை.

உன்
ஹலோ

24 ஜூன்

அன்புள்ள ஹலோ,

முதலில் நல்ல சேதி. பக்கவாட்டு வைத்தியம் பலித்தது. திருகு கடைசி எண்ணில்தான் இருந்தது. "தோல் தடிப்பா இருக்கும்னு நினைச்சேன்" என்கிறார் இவர், ரொட்டிக் கூடைக்கு விலை சொல்கிற மாதிரி. உனக்குக் கோடி நன்றி. ஆனால் உன் கடிதத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் சந்தி ஒற்று ஒன்றுகூட இல்லை. 'படித்து சிரித்தேன்' என்று எழுதுகிறாயே, இதற்காகத்தானே விடுதியில் எனக்கு இந்தப் பெயர் வைத்தாய், இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு ஒற்றாவது உனக்கு ஒட்டவில்லையா?

இனி வரப்போவது நீ மட்டும் படிக்க வேண்டியது. இவருக்குத் தெரியாது, அச்சகத்துக்கும் தெரியாது.

போன வாரம் அச்சகத்தில் திடீரென்று கை நடுங்கியது. வியர்த்துக் கொட்டியது, சர்க்கரை இறங்கிவிட்டது என்று தெரிந்தது. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேனாவை எடுத்தேன். கை நடுங்குகிறபோது எந்த விரல் எது என்று பார்க்க முடியுமா? கிடைத்த விரலில் வைத்து அமுக்கினேன். வலது ஆள்காட்டி. அதுவும் நடு உருண்டையில். பழைய ஊசி வேறு. இரண்டு நாளில் பழுத்துவிட்டது. களிம்பு போட்டு வீக்கம் இறங்கிவிட்டது, ஆனால் விரல் பழைய விரலாக இல்லை. புள்ளிமேல் வைத்தால் மெல்லிய துணி போர்த்திப் படிக்கிற மாதிரி இருக்கிறது.

வேலையில் எப்படிச் சமாளிக்கிறேன் என்று கேட்பாய். எனக்கு எதிரே ஒரு அம்மாள் உட்கார்ந்து மூலப்பிரதியைச் சத்தமாக வாசிப்பார், நான் பிரெயில் தாளில் விரலை ஓட்டிச் சரிபார்ப்பேன். அவர் சொல்வது காதில் விழுந்ததும் விரலும் ஆமாம் என்கிறது. விரல் உண்மையாகவே பார்த்துத்தான் சொல்கிறதா, இல்லை காதுக்குத் தலையாட்டுகிறதா என்று எனக்கே சந்தேகம். சாப்பாட்டு நேரத்தில்கூட உட்கார முடியவில்லை, நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன்.

அதனால் ஒரு முடிவெடுத்தேன். இந்தப் புத்தகம் முடிகிறவரை விரலில் குத்துவதில்லை. ஊசி மருந்தைக் குத்துமதிப்பாகப் போட்டுக்கொள்கிறேன், பயத்தில் கொஞ்சம் குறைத்தே போடுகிறேன், மறுபடி நடுங்கக் கூடாது பார். இவர் அதிகாலையில் வண்டி எடுத்துப் போய்விடுவார், திரும்பி வந்து கேட்டால் பார்த்தாயிற்று என்பேன். பத்து விரலுக்கும் ஓய்வு கொடுத்தால் இந்த ஒன்றும் தேறிவிடும் என்று ஒரு நப்பாசை.

தப்பென்று தெரிகிறது. ஆனால் இந்த விரல் போனால் நான் என்ன செய்வேன், சொல்? வேறு எந்த வேலைக்கு என்னை யார் கூப்பிடுவார்கள்? நீ ஒருத்தி ஏதாவது சொன்னால்தான் எனக்குத் தைரியம் வரும். திட்டினாலும் சரி. உடனே எழுது.

உன்
ஒற்று

3 ஜூலை

ஒற்று,

உன் கடிதத்தைப் படித்து வைத்துவிட்டேன். இப்போது எதுவும் எழுத மனசு வரவில்லை. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருக்கிறோம். வேலை முடிந்ததும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

ஹலோ

9 ஜூலை

ஹலோ அம்மாளுக்கு,

உங்கள் மாமியார் சீக்கிரம் குணமாகி எழுந்து நடக்கட்டும். அது மனதார.

மற்றது இது. நெஞ்சைக் கிழித்துக் காட்டுகிற மாதிரி ஒரு கடிதம் எழுதினேன். பெற்றவளிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். அதற்குப் பதில், மடித்து வைத்துவிட்டாயாமே. மனசு வரவில்லையாமே. பிரெயில் கடிதத்தை மடிக்கக் கூடாது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மடித்தால் புள்ளி நசுங்கும், நசுங்கினால் அது வெறும் அட்டை. இனி இதைப் படிக்கப் போவதில்லை என்கிறவள்தான் மடிப்பாள். நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம். மாமியாரைப் பார்க்க வேண்டும், உன் புலம்பல் பிறகு என்று சொல்லியிருந்தால்கூடப் புரிந்துகொண்டிருப்பேன். மடித்துவிட்டேன் என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

அதிலும் ஒரு பிழை. 'கடிதத்தைப்' என்று ஒரு ப் போட்டிருக்கிறாய். மடித்து என்பதற்கு முன்னால் ப் எங்கேயடி வரும்? வேண்டிய இடத்தில் வருஷக்கணக்காக ஒற்றைப் போடாதவள், வேண்டாத இடத்தில் கொண்டுபோய்ச் செருகுகிறாய். என்னைக் கேலி செய்யத்தான் போட்டாய் என்று நினைக்கிறேன்.

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும்போல, எழுந்தால் படுக்க வேண்டும்போல இருக்கிறது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறேன், தாகம் அடங்கவில்லை. வாசிக்கிற அம்மாள்மேல் எரிந்து விழுகிறேன். எல்லாம் உன் கடிதம் செய்த வேலை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உனக்கு வர வேண்டாம், நான் கெட்டவள் இல்லை. ஆனால் இனிமேல் எனக்கு எழுதாதே. வந்தாலும் படிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பழைய விடுதித் தோழி

15 ஜூலை

ஒற்று,

படிக்க மாட்டேன் என்றாய். படிப்பாய், உன்னை எனக்கு தெரியும். ஆனால் இந்த கடிதத்தை வலது விரலால் தொடாதே. முழுக்க இடது விரலால் மட்டும் படி. எத்தனை நேரம் ஆனாலும் சரி.

நான் மடிக்கவில்லையடி. படித்தேன். படித்து வைத்துவிட்டேன் என்றுதான் எழுதினேன். ப-வுக்கு நான்கு புள்ளி, ம-வுக்கு மூன்று. இடது பக்கம் நடுவில் இருக்கிற அந்த ஒரு புள்ளி விட்டுப்போனால் ப என்பது ம ஆகிவிடும், படித்தது மடித்தது ஆகிவிடும். இதை நான் உனக்கு சொல்ல வேண்டியிருக்கிறதே.

நீயே எனக்கு சாட்சி சொல்லியிருக்கிறாய். அந்த ப் சரியான இடத்தில்தான் இருக்கிறது. நீ போன தடவை குத்தி காட்டினாய் என்பதற்காக, மாமியார் கட்டிலுக்கு பக்கத்தில் உட்கார்ந்து யோசித்து யோசித்து போட்டேன். வாழ்நாளில் நான் சரியாக போட்ட ஒரே ஒற்று அது. அது வரியின் முன்பாதியில் இருந்தது, உன் இடது விரல் சரியாக படித்துவிட்டது. அடுத்த வார்த்தை பின்பாதி. வலது விரல் வாங்கியது, ஒரு புள்ளியை கீழே போட்டுவிட்டது. மற்ற இடத்தில் எல்லாம் நீ ஊகித்து படித்திருக்கிறாய். அந்த இடத்தில் இரண்டு வார்த்தையும் பொருந்தியது, மாட்டிக்கொண்டாய்.

என் வார்த்தையை நம்பாதே. அண்ணனை கூப்பிட்டு, அந்த எழுத்தை காட்டி, எத்தனை புள்ளி என்று கண்ணால் எண்ண சொல்.

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். வெறும் திட்டாக வந்தது, கிழித்து போட்டேன். அதனால்தான் நாலு வரியோடு நிறுத்தினேன். இப்போது கோபம் இல்லை, பயமாக இருக்கிறது. நர்ஸம்மாவிடம் மறுபடி பேசினேன். ஊசி குத்தினால் நோகும், ஆனால் புண் ஆறின பிறகும் துணி போர்த்தின மாதிரி இருக்காதாம். அப்படி மரத்துப்போவது சர்க்கரை ஏறி கிடப்பதால் இருக்கலாமாம். அந்த தாகமும், அந்த இருப்பு கொள்ளாமையும் நான் எழுதின நாலு வரியால் வந்தது இல்லை. ஊசிக்கு பயந்து விரலை ஒளித்து வைத்தாய். உள்ளேயிருந்து அதை வேறு ஒன்று தின்றுகொண்டிருக்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்பார்கள், கண் இல்லாத நமக்கு அதை இன்னொருவர் சொல்ல வேண்டுமா?

அந்த கணக்கு புத்தகத்தை நினைத்து பார். என் கடிதத்தில் ஒரு புள்ளி போனால் நமக்குள் சண்டை, அவ்வளவுதான். எட்டாம் வகுப்பு பிள்ளை விரல் வைத்து படிக்கிற கணக்கில் ஒரு புள்ளி போனால்? நீ போய் மேலாளரிடம் சொல். அண்ணனிடமும் சொல். இந்த வாரத்துக்குள் உன் பதில் வரவில்லை என்றால் நானே அண்ணனுக்கு போன் செய்வேன். நீ என்னோடு ஜென்மத்துக்கும் பேசாமல் போனாலும் சரி.

உன்
ஹலோ

8 ஆகஸ்ட்

என் ஹலோவுக்கு,

நடுவில் நான் போட்ட இரண்டு வரி அட்டை கிடைத்திருக்கும், 'சொல்லிவிட்டேன், போன் வேண்டாம்' என்று. அதற்குமேல் அப்போது கை ஓடவில்லை. இப்போது விவரமாக எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே முழுக்க இடது விரலால் படித்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டுகிற வேகம். முடித்ததும் உன் பழைய கடிதத்தைத் தேடி எடுத்து, இவரைக் கூப்பிட்டு, இந்த எழுத்தில் எத்தனை புள்ளி என்று கேட்டேன். "நாலு" என்றார். நன்றாகப் பாருங்கள் என்றேன். "நாலுதாம்மா, இதுல என்ன சந்தேகம்?" என்றார். வலது விரலை வைத்தேன். மூன்று. இடது விரலை வைத்தேன். நான்கு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு புள்ளிக்கு ஏன் இந்த அழுகை என்று புரியாமல் இவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், நேரே போய்ப் பேனாவையும் மெஷினையும் எடுத்துவந்தார். மெஷின்காரி எண்ணே சொல்லவில்லை. "மிக அதிகம்" என்று மட்டும் சொன்னாள், வழக்கமான அதே குரலில்.

டாக்டர் பஞ்சை வைத்து, குண்டூசியை வைத்து, கால் விரல் கை விரல் எல்லாம் பார்த்தார். காலும் கொஞ்சம் மரத்திருக்கிறதாம். நான் அதைச் செருப்பின் குற்றம் என்றுதான் நினைத்திருந்தேன். விரல் மரத்தது ஊசியால் இல்லை, அது முன்பே தொடங்கியிருக்க வேண்டும், பழுத்த பிறகுதான் உங்கள் கவனத்துக்கு வந்திருக்கிறது என்றார். சர்க்கரையைப் பிடித்து நிறுத்தினால் உணர்ச்சி திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். வருமா வராதா, ஒன்று சொல்லுங்கள் என்று நச்சரித்தேன். கையை விரித்துவிட்டார், அதாவது விரித்ததாக இவர் சொன்னார்.

மேலாளரிடம் போவதற்குத்தான் கால் வரவில்லை. வாசலில் நின்று திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பி, கடைசியில் வாசிக்கிற அம்மாள்தான் என்ன தவிப்பு என்று கேட்டு உள்ளே தள்ளிவிட்டார். நான் பார்த்த பக்கங்களை எல்லாம் வேறொருவரை வைத்து மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். மேலாளர் "நீங்க பாத்ததையா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் என் இத்தனை வருஷ வேலையும் இருந்தது. மறுபடி பார்த்ததில் பிழைகள் கிடைத்தன. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. அங்கேயும் போனது அதே நடுப்புள்ளிதான். அம்மாள் எட்டு என்று வாசித்திருக்கிறார், என் விரலும் தலையாட்டியிருக்கிறது. நல்லவேளை, அச்சுக்குப் போகவில்லை. இப்போது எனக்குப் படிக்கிற வேலை இல்லை. தாள்களை வரிசைப்படி அடுக்கித் தைக்கக் கொடுக்கிறேன். விரல் தேறினால் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். தேறாவிட்டால் என்ன என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுக்கும்போதே மனம் அலைகிறது. பக்கத்து மேசையில் வேறொருத்தி விரல் ஓடுகிற சத்தம் கேட்கும்போது தாள்களை இன்னும் பலமாகத் தட்டி அடுக்குகிறேன். பொறாமைதான், வேறென்ன.

உன்னை என்னென்னவோ எழுதிவிட்டேன். கோபித்துக்கொண்டே இரு, ஆனால் எழுதிக்கொண்டே இரு. உன் மாமியார் இந்நேரம் நடக்கப் பழகத் தொடங்கியிருப்பார், அவரிடம் என் பேச்சில் இப்போது நிறையச் சர்க்கரை என்று சொல்.

வேளை தவறாமல் குத்திக்கொள்கிறேன். இப்போது எல்லா விரலும் முறை வைத்து வருகிறது, வலது ஆள்காட்டியும்தான். அதைக் காப்பாற்றி என்ன கண்டேன்? அதன் பக்கவாட்டில் குத்தினால் 'டக்' என்று பேனாவின் சத்தம் மட்டும் கேட்கும். மற்ற விரல்கள் நோகும், அது கல் மாதிரிக் கிடக்கும். திருகைக் கூட்டுங்கள் என்று இவரிடம் சண்டை போட்டேன், மாட்டேன் என்றுவிட்டார். ஒவ்வொரு தடவையும் அதை நீட்டும்போது பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும்.

நேற்றுக் காலை அதன் முறை வந்தது. டக் என்றது. அதோடு சேர்ந்து, எறும்பு கடித்த மாதிரி, ஒரு சுருக். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். இவர் வழக்கம்போல, "வலிச்சிருச்சா, மன்னிச்சுக்கோ" என்றார்.

"வலிச்சுதுங்க" என்றேன். "இன்னொரு தடவை குத்துங்க."

உன்
ஒற்று